சுவர் கொடுத்த வீடு

இந்தப் பக்கங்களைப் படிக்கும் நீங்கள் எனக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். அவையை வணங்கிய பிறகே வாய் திறக்க வேண்டும் என்று எனக்குப் பயிற்சி தந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே வணங்குகிறேன். உங்களிடம் நான் தீர்ப்புக் கேட்கவில்லை. தீர்ப்புச் சொல்லும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது, அவர் சொல்லியும் விட்டார். நடந்தது நடந்தபடியே சொல்லப்படுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேச்சை ஒரு தொழில்போலப் பழகியவன்; எந்த இடத்தில் குரலை இறக்கினால் கேட்பவர் கண் கலங்கும் என்று அறிந்தவன். அந்த அறிவை இங்கேயும் பயன்படுத்துகிறேன் என்று தோன்றினால், அந்த வரியைத் தள்ளிவிட்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒரு கதவைக் காட்டுகிறேன். பால் டின்கள் வந்த பெட்டிகளைப் பிரித்து, அந்தப் பலகைகளை இணைத்து அடித்த கதவு. பலகைகளில் இருந்த எழுத்துகள் சில நேராகவும் சில தலைகீழாகவும் நிற்கும். நடுவில் ஒரு வெள்ளை வட்டம். வட்டத்துக்குள் கறுப்புச் சாயத்தில் முப்பத்தொன்று என்ற எண். நில அலுவலக ஆள் அவசரத்தில் எழுதியதால் சாயம் வழிந்து, கடைசி எண்ணுக்கு ஒரு வால் முளைத்திருந்தது. அந்த வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் அந்த வட்டத்தைத் துடைப்பார். சாமி படத்தைத் துடைப்பவர்களுக்குக்கூட அவ்வளவு கவனம் இருக்காது.

அவரைத் தூலாங் அக்கா என்று அழைத்தோம். தூலாங் என்பது அகன்ற மரத்தட்டு. இடுப்பளவு ஆற்று நீரில் நின்று, அதில் மணலை அள்ளிச் சுழற்றிச் சுழற்றி, கீழே தங்கும் ஈயமணலைச் சேர்ப்பதுதான் அவர் வேலை. அந்த வேலை செய்தவர்கள் அநேகமாக எல்லோரும் சீனப் பெண்கள். அக்காவைப் பார்த்தால் அவரும் சீனப் பெண்தான். பேசினால்தான் தெரியும். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், பால் மறக்காத வயதில், பெண் குழந்தை வேண்டாமென்று கொடுத்துவிட்ட ஒரு சீனக் குடும்பத்திடமிருந்து அவரை வாங்கி வளர்த்தவர்கள் பால்வெட்டும் தமிழ்த் தம்பதியர். அவருக்குத் தெரிந்த மொழி தமிழ். பிறகு கொஞ்சம் கடைத்தெரு மலாய். தன்னைப் பெற்றவர்களின் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. நெற்றியில் குங்குமம், காதில் தோடு, தலையில் சீனப் பெண்கள் அணியும் கூம்புத் தொப்பி. கணவர் லாரி விபத்தில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை.

அக்கா வாழ்ந்த, நானும் பிறந்து வளர்ந்த அந்த இடத்தின் பெயர் கரிக்கொட்டகை. ஈப்போ நகரத்தின் எந்த வரைபடத்திலும் அந்தப் பெயர் இருந்ததில்லை. சிலிபின் பகுதியைத் தாண்டி, ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவே மெலிந்து நீண்டு கிடந்த நிலம். நீராவி ரயில்கள் ஓடிய காலத்தில் அங்கேதான் நிலக்கரியைக் கொட்டி வைத்தார்களாம். கரி போய்விட்டது, கறுப்பு போகவில்லை. மழை பெய்தால் எங்கள் சந்துகளில் மை ஓடும். நகரைச் சுற்றி நின்ற சுண்ணாம்புக் குன்றுகள் வெளுத்திருக்க, அவற்றின் காலடியில் நாங்கள் கறுத்த உள்ளங்கால்களோடு நடந்தோம். பள்ளியில் காலணியைக் கழற்றச் சொன்னால் கரிக்கொட்டகைப் பிள்ளைகள் யார் யார் என்று ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். எந்த இனத்துப் பிள்ளை என்பது காலைப் பார்த்தால் தெரியாது.

ரயில் பாதையை ஒட்டி நாங்கள், தமிழர்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற துண்டாடலில், லயன் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளை இழந்து வந்தவர்கள் பெரும்பாலோர். என் அப்பாவைப்போல் ரயில்வேயில் கூலி வேலை பார்த்தவர்கள் சிலர். ஆற்றை ஒட்டிச் சீனர்கள், அவர்களுடைய கீரைப் பாத்திகள், பன்றிக் கொட்டில்கள். சாலைப் பக்கம் மலாய்க் குடும்பங்களும் சூரா எனும் ஒரு சிறிய தொழுகைக்கூடமும். சூராவில் தொழுகைக்கு அழைக்கும் குரலும், எங்கள் பக்கத்து மாரியம்மன் கொட்டகையின் மணியும், ஆற்றோரத்துப் பன்றிகளின் அலறலும் சில மாலைகளில் ஒரே நேரத்தில் கேட்கும். ஊருக்குள் நுழையும் இடத்தில் பாயின் ரொட்டிக் கடை. பாயின் தகப்பனார் ராமநாதபுரத்திலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்தவர். பாய் மாவு பிசையும் தொழிலுக்கு மாறிவிட்டார். எல்லாருக்கும் நடுவில் ஒரே ஒரு பொதுக் குழாய். விடியற்காலையில் மண்ணெண்ணெய் டின்கள் அங்கே வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் நின்று வளர்ந்த எவருக்கும் நான்கு மொழிகளில் திட்டத் தெரியும்.

இனி நான் சொல்லப்போவது எங்கள் ஊருக்கு வெளியே எவரும் அறியாத ஒரு வழக்கம். அறியாதபடி நாங்கள் காத்துவந்த வழக்கம். நில அலுவலகம் ஒருமுறை வந்து, அன்று இருந்த வீடுகளுக்கெல்லாம் எண் எழுதிவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பின் எழும் புது வீட்டைக் கண்டதும் இடிப்பார்கள். புது வீடு என்பதற்கு அவர்கள் பார்த்த அடையாளம் வாசல். சந்துப் பக்கமாக ஒரு புதிய வாசல் திறந்தால் அது புது வீடு. ஆகவே, தோட்டத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ ஒரு குடும்பம் மூட்டையோடு வந்து நின்றால், எண் உள்ள வீட்டுக்காரர் ஒருவர் தம் பின்சுவரைக் கொடுப்பார். அந்தச் சுவரில் சாய்த்து ஓர் அறை எழும். அதற்குச் சந்துப் பக்கம் வாசல் கிடையாது. வந்தவர்கள் அவரது வாசலில் நுழைந்து, அவரது சமையலறையைக் கடந்து, தங்கள் அறைக்குப் போவார்கள். ஒரே வாசல், ஒரே எண், இரண்டு அடுப்பு. இதற்குச் சுவர் கொடுப்பது என்று பெயர். சீனர் தமிழருக்குக் கொடுத்திருக்கிறார்; தமிழர் மலாய்க்காரருக்குக் கொடுத்திருக்கிறார். கரிக்கொட்டகையில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் இப்படித்தான் முதுகில் ஒரு வீட்டைச் சுமந்துகொண்டிருந்தன. வெளியார் கேட்டால், உள்ளே இருப்பவர் சொந்தக்காரர் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி.

நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த ஆண்டில் ஒரு ஞாயிறு காலை, இரண்டு பெண் குழந்தைகளோடு ஒரு பெண் லாரியிலிருந்து இறங்கினாள். தைப்பிங் சாலையில் இருந்த அவளுடைய தோட்டம் கைமாறி, லயன்களை இடித்துவிட்டார்கள். கணவன் அதற்கு முந்தைய ஆண்டே காய்ச்சலில் போயிருந்தான். அவள் கையில் ஒரு பாத்திர மூட்டையும், துணி சுற்றிய ஒரு பால்வெட்டுக் கத்தியும் இருந்தன. ஈப்போவில் வெட்டுவதற்கு ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. குழாயடியில் நின்ற அக்கா அந்தக் கத்தியைப் பார்த்தார்.

“எந்தத் தோட்டம்மா?” என்று கேட்டார்.

சீன முகத்திலிருந்து தோட்டத்துத் தமிழ் வந்ததும் அந்தப் பெண் திகைத்து, அழுதுவிட்டாள். “அழுவுறத அப்பறம் அழுவலாம். புள்ளைங்களுக்குப் பசிக்குது பாரு. என் பின்சுவரு சும்மாத்தான் நிக்குது, வா” என்றார் அக்கா.

அன்றே அறை எழுந்தது. மலாய்ப் பக்கத்துத் தச்சர் பலகைகளைக் கொண்டுவந்து அடித்துக்கொடுத்தார். கூரைத் தகரம் ஆற்றோரத்து முதியவர் தந்தது. பழைய பன்றிக் கொட்டிலில் இருந்து கழற்றியது. தச்சர் ஆணியடித்து முடித்துக் கைகழுவிச் சாலைப் பக்கம் போய்ச் சேரும்வரை அந்த முதியவர் தகரத்தைத் தன் வீட்டு முற்றத்திலேயே வைத்திருந்தார். தச்சர் போன பிறகு கொண்டுவந்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவுமில்லை. எங்கள் ஊர் எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால், நான் இந்த ஒரு பிற்பகலைத்தான் சொல்வேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மாநில அளவில் சொற்போர்க் கோப்பைகளை வென்றிருந்தேன். அப்பா அவற்றை வானொலிப் பெட்டியின் மேல் வரிசையாக வைத்திருந்தார். தினமும் மாலையில் ரயில் பாதையோரம் நின்று பேசிப் பழகுவேன். சரக்கு ரயில் கடக்கும்போது அதன் ஓசையை மீறி ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட தேர்வு. வேலை முடித்து ஈரத் துணியோடு வரும் அக்கா நின்று பார்ப்பார்.

“இன்னிக்கு யாரு ஜெயிச்சா, நீயா ரயிலா?”

“நான்தான் அக்கா.”

“அது சரக்கு ரயிலு. மெயில் வரட்டும், அப்பத் தெரியும்.”

இப்படியே ஓராண்டு போயிற்று. பின்பு ஆற்றை அகலப்படுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. கரிக்கொட்டகை முழுவதும் போக வேண்டும். எண் உள்ள வீடுகளுக்கு நகருக்கு வெளியே மலிவு விலை வரிசை வீடுகள் கிடைக்கும். ஆனால் எண் எழுதிய பிறகு வெளியாருக்கு இடம் கொடுத்த வீடு அந்த உரிமையை இழக்கும். பாய் தம் கடையில் நின்று அந்த மலாய் அறிவிப்பைத் தமிழில் படித்துச் சொன்னார். கடைசி வரியைப் படித்ததும் தேநீர் ஆற்றும் ஓசைகூட நின்றுவிட்டது. சீனர்களும் மலாய்க்காரர்களும் அதே வரியை அவரவர் வழியில் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவர் வீட்டு முதுகிலும் யார் என்பதை எல்லாரும் அறிவார்கள்.

நில அதிகாரி நேரில் வந்து குறை கேட்கப்போகிறார் என்றதும், எல்லாருக்காகவும் பேச ஒருவர் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. தச்சருக்கு வயதாகிவிட்டது, பாய்க்கு மலாய் படிக்க வரும், பேச்சில் கடைமொழி தவிர வேறு வராது. பள்ளி மலாயில் தெளிவாகப் பேசக்கூடியவன் நான். தச்சரே என் தோளைத் தட்டி, நீ பேசு என்றார். அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். மூன்று இனத்தாரும் சேர்ந்து ஒரு தமிழ் இளைஞனை முன்னே நிறுத்தினார்கள். அதற்கு முன் நான் வென்ற கோப்பைகள் எவையும் அதற்கு ஈடாகா.

பாய் என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டார். மாவுக் கையோடு விரலை மடக்கிச் சொன்னார். “தம்பி, மூணு சங்கதிதான். எத்தன வருசமா இருக்கோம். எல்லாரையும் ஒரே எடத்துல வைங்க. புள்ளைங்க பள்ளிக்கூடம் தூரமாவக் கூடாது. அம்புட்டுதான், ஒக்காந்துரு. அலங்காரமெல்லாம் மேடையில வெச்சுக்கலாம்லா.”

“தெரியும் பாய்” என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலை. பாயின் கடைக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதிகாரி நடுவயதுக்காரர், சாந்தமான முகம். பக்கத்தில் ஓர் எழுத்தர், மடியில் கோப்பு. பாய் சொன்ன மூன்றையும் நான் சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிட்டேன். அதிகாரி தலையசைத்தார். அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தைப் பார்த்தேன். ஆற்றோரத்து முதியவர் காதில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என் அப்பா, வாழ்நாளில் எந்த அதிகாரியின் முன்னும் நிமிர்ந்து நிற்காதவர், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். கேட்பவர் கனிந்துவிட்டார் என்று தெரியும்போது ஓர் உயிருள்ள எடுத்துக்காட்டைச் சொல்லி முடிக்க வேண்டும் என்பது நான் கற்ற பாடம். பொதுவாகச் சொன்னது காற்றில் போகும்; ஒரு மனிதரைக் காட்டினால் நெஞ்சில் நிற்கும். நான் ஒரு மனிதரைக் காட்டினேன்.

இந்த ஊரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று தொடங்கினேன். சீனத் தாய் பெற்றாள், தமிழ்த் தாய் வளர்த்தாள். வீடிழந்து வந்த ஒரு விதவைக்குத் தன் சுவரைக் கொடுத்தாள். அந்தச் சுவரின் பலகை மலாய்க்காரர் அடித்தது, கூரை சீனர் தந்தது, அடியில் உறங்குவது தமிழ்க் குழந்தைகள். ஐயா, நீங்கள் நாடு முழுவதும் தேடும் ஒற்றுமை இங்கே ஒரே கூரையின் கீழ், ஒரே எண்ணின் கீழ் வாழ்கிறது, அதைப் பிரித்துவிடாதீர்கள். மலாயில் அந்த வாக்கியங்கள் என் வாயிலிருந்து எவ்வளவு ஒழுங்காக வந்தன என்பது இன்றும் நினைவிருக்கிறது. சரக்கு ரயில் ஒன்று அப்போது கடந்தது. அதையும் மீறிப் பேசி முடித்தேன்.

அதிகாரி புன்னகைத்தார். முன்னால் சாய்ந்து, மிகவும் மரியாதையான குரலில், “ருமா நொம்போர் பெராப்பா?” என்று கேட்டார்.

அந்த வீட்டின் எண் என்ன என்பது கேள்வி. சாட்சிகளே, இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேள்வியின் பொருள் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவர் அந்த வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணைப் பாராட்டப் போகிறார் என்றே நினைத்தேன். என் பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது என்று நம்பினேன். முப்பத்தொன்று என்று உரக்கச் சொன்னேன். எழுத்தர் எழுதிக்கொண்டார். கூட்டத்தின் பின்வரிசையில் கைத்தட்டல் எழுந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் தட்டவில்லை. பாய் தம் கையில் இருந்த கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அக்கா அந்தக் கூட்டத்தில் இல்லை. அதிகாரி வரும் நாளில் குழந்தைகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, அந்தப் பெண்ணையும் அவளுடைய இரு மகள்களையும் அழைத்துக்கொண்டு விடிந்ததுமே ஆற்றின் மேற்பக்கம் போயிருந்தார். நான் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் மூங்கில் புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள்.

சில வாரங்களில் வீடு கிடைப்பவர்களின் பட்டியல் வந்தது. சூராவின் பலகையில் ஒட்டினார்கள். எல்லா எண்களும் இருந்தன. முப்பதுக்கு அடுத்தது முப்பத்திரண்டு. என் தோளில் தட்டி, எல்லாரையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டார்கள், உன் பேச்சுதான்லா என்று ஒருவர் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார். “ஆபீசு மலாய் எனக்கு வராதுடா. கூட வந்து ரெண்டு வார்த்த சொல்லு. என் நம்பர எழுத மறந்துட்டாங்க போல” என்றார். பேருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். நகரம் வரும்வரை வாய் திறக்கவில்லை. சொல்லியிருக்கலாம்; அந்த வழி அரை மணி நேரம்.

முகப்பில் அந்த எழுத்தர்தான் இருந்தார்; முப்பத்தொன்றில் வெளியாள் குடியிருப்பதாகப் பதிவாகியிருக்கிறது என்றார். அக்கா தம் அடையாள அட்டையை வைத்து, உள்ளே இருப்பது வெளியாள் இல்லை, என் தங்கச்சி என்று சொல் என்றார். நான் மொழிபெயர்த்தேன். எழுத்தர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். சீனப் பெண்ணுக்குத் தமிழ்த் தங்கையா, தாள் ஏதாவது இருக்கிறதா என்றார். தோட்டத்தில் யாருக்கும் தெரியாமல் கைமாறிய குழந்தைக்குக் காட்டுவதற்கு என்ன தாள் இருக்கும்? அக்கா முகப்புப் பலகையை உள்ளங்கையால் மெல்லத் தட்டினார். “என்னய வளத்தவங்க என்ன என் ரத்தமா? அவங்க அப்பா அம்மான்னா இவ தங்கச்சிதான். அப்படியே சொல்லுடா, ஒரு வார்த்த விடாம.” அப்படியே சொன்னேன். அந்த அலுவலகத்தில் நான் சொன்னவற்றில் அலங்காரம் எதுவும் இல்லை. எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அதிகாரி உள்ளிருந்து வந்தார். என்னை அடையாளம் கண்டு அன்போடு தலையசைத்தார். விதியை மாற்றத் தமக்கு அதிகாரம் இல்லை என்றார். பின்பு, “தம்பி, நீங்கள் எல்லார் முன்னாலும் சொன்னதைத்தான் எழுதினோம். அழகாகச் சொன்னீர்கள்” என்று மலாயில் சொன்னார்.

அக்கா என் பக்கம் திரும்பினார், மொழிபெயர்ப்புக்காக.

“அவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சாம் அக்கா” என்றேன்.

படியிறங்கி, சாலையைக் கடந்து, பேருந்து நிறுத்தத்தில் நின்ற பிறகுதான் அவர் பேசினார். “அந்தாளு பேசுன அளவுக்கு மலாய் எனக்குத் தெரியும்டா.” ஊர் வரும்வரை, அடையாள அட்டையை முந்தானையில் முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே பத்திரிகைக்கு எழுதுகிறேன், சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கிறேன் என்று பாயின் கடையில் குதித்தேன். கடையில் இருந்தவர்கள் எழுந்து கதவருகே வந்து வழி மறித்தார்கள். பாய் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“என்னான்னு எழுதுவ? எல்லா வீட்டுலயும் ஆளு வெச்சிருக்கோம், முப்பத்தொண்ண மட்டும் வெட்டுனது அநியாயம்னா? வந்து ஒவ்வொரு வீடா தொறந்து பாத்தா என்னா ஆவும்?”

“அப்ப அக்கா?”

பாய் அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். “ஒன் வீட்டுப் பின்னால யாரு இருக்கான்னு மொதல்ல யோசிச்சுக்க.”

எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு முதிய தம்பதியர் இருந்தார்கள். என் அப்பா கொடுத்த சுவர். நான் வாயை மூடிக்கொண்டேன். ஊரே மூடிக்கொண்டது. தச்சர் ஒருமுறை தனியாக நில அலுவலகம் வரை போய், வாசலிலிருந்தே திரும்பி வந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர் முதுகிலும் ஒரு குடும்பம் இருந்தது. பேசக் கூடாத இடத்தில் பேசிய நான், பேச வேண்டிய இடத்தில் மௌனம் காத்தேன். இரண்டாவது பிழையைச் செய்ய எனக்குத் துணையாக ஊர் முழுவதும் நின்றது. முதல் பிழை எனக்கே உரியது.

மற்றவர்களுக்குச் சாவி கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே முப்பத்தொன்றை இடிக்க ஆள் வந்தார்கள். அக்கா அவர்களைத் தொடவிடவில்லை. தாமே ஏணி வைத்து ஏறி, தகரங்களைக் கழற்றிக் கீழே கொடுத்தார். அந்தப் பெண் வாங்கி அடுக்கினாள். தகரத்தை ஆற்றோரத்து முதியவரிடமும் பலகைகளைத் தச்சரிடமும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் அக்கா. இருவரும் முதலில் மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் கொழுந்தன் கடலோர ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகுகளில் வேலை செய்தான். அங்கே போவதென்று முடிவாகியிருந்தது. நீ ஏன் அவர்களோடு போகிறாய், தனியாள் உனக்குப் புது இடத்திலும் யாராவது சுவர் கொடுப்பார்களே என்று ஒரு கிழவி அக்காவிடம் கேட்டாள். “தங்கச்சின்னு ஆபீசுல சொல்லிட்டேன்” என்று சொல்லிவிட்டு அக்கா லாரியில் ஏறினார். நான் ரயில் பாதையின் மறுபுறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டே போகவில்லை.

அதற்குப் பின் ஆறேழு ஆண்டுகள் போய்விட்டன. ஆற்றுக்கு இப்போது இரு பக்கமும் சிமெண்டுக் கரை. எங்கள் வரிசை வீடுகள் செங்கல்லால் ஆனவை. ஒவ்வொரு வீடும் இரு பக்கத்திலும் அண்டை வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்கிறது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் குலுக்கலில் கிடைத்த எண்ணில் கலந்தே இருக்கிறோம். ஆனால் ஒருவர் சமையலறை வழியே இன்னொருவர் நடந்துபோவதில்லை. வாசல்தோறும் இரும்புக் கம்பிக் கதவு, ஆளுக்கொரு குழாய். பின்னறைகளில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள் என்று எனக்கு முழுதும் தெரியாது. எங்கள் முதிய தம்பதியர் இரண்டாண்டு எங்களோடு இருந்து, ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். என் கோப்பைகள் அந்த வீட்டின் கூடத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் இன்றும் விருந்தினரிடம், எங்களுக்கு வீடு வாங்கித் தந்த பேச்சாளர் என்று என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். நான் மறுத்துப் பேசினால் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அக்கா போன மறு ஆண்டே நான் ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போனேன். தெலுக் இந்தானில் பேருந்து மாறி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போய் இறங்கியபோது நடுப்பகல். படகுத்துறையை ஒட்டி, கால்நட்டுக் கட்டிய ஒரு கொட்டகையில் சீனப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அக்கா. அவர்கள் அவரைப் பார்த்து எதையோ சொல்லிச் சிரித்தார்கள். தங்கள் முகத்தை வைத்துக்கொண்டு தங்கள் மொழி தெரியாதவள் என்ற சிரிப்பு அது என்று அக்கா பின்னால் சொன்னார். ஈரத்தில் ஊறி அவர் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்திருந்தது.

பேருந்தில் வரும்போதே மன்னிப்புக் கேட்கும் சொற்களைத் தயார் செய்திருந்தேன். எங்கே நிறுத்துவது, எங்கே தலைகுனிவது என்பது உட்பட. எழுந்து வந்த அக்கா என் நிலையைப் பார்த்ததும், “மேடையில நிக்கிற மாதிரி நிக்காத. ஒக்காரு” என்றார். ஒரு கவிழ்த்த மீன்கூடையின் மேல் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணும் மகள்களும் நலம் என்றார். பெரியவள் பள்ளிக்குப் போகிறாள். வீடு கொழுந்தனுடையது, அங்கே பேச்சுக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆற்றில் நின்று நின்று முழங்கால் போய்விட்டதால் இந்த உட்கார்ந்த வேலை பரவாயில்லை. எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார்.

பிறகு, “நீ என்னயப் பத்தி ரொம்ப நல்லாப் பேசுனியாமே. எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கேக்கல, புள்ளைங்கள வெச்சிட்டு அங்கிட்டு இருந்தேன். சொல்லு, என்னா பேசுன?” என்றார்.

“வேணாம் அக்கா.”

“என் வீட்டக் குடுத்து வாங்குன பேச்சுடா அது. நான் கேக்க வேணாமா?”

சொன்னேன். அன்று மலாயில் சொன்னதைத் தமிழில், அவருக்காக, வரி வரியாகச் சொன்னேன். சீனத் தாய் பெற்றாள், தமிழ்த் தாய் வளர்த்தாள் என்ற இடத்தில் என் குரல் பழக்கத்தால் தானாக இறங்கியது. அதைக் கேட்டு நானே கூசினேன். இறால் உரித்த பெண்கள் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் தவறவிடாமல், சிறுமி கதை கேட்பதுபோல் கேட்டார். 

“நல்லாத்தான் இருக்கு” என்றார். “பெத்தவங்க என்னயக் குடுத்ததக்கூட அழகாச் சொல்லிட்ட. யார்ரா ஒன்கிட்ட அத எல்லார் முன்னாடியும் சொல்லச் சொன்னது? மொத நா சாயங்காலம் ரயில் ரோட்டுல நின்னு இதத்தானே கத்திக்கிட்டிருந்த. நான் பக்கத்துலதான் துணி காயப் போட்டேன், ரயிலு சத்தத்துல என்னான்னு வெளங்கல. ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அம்புட்டு நேரம்கூட ஆயிருக்காது.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, மதியத்துக்கு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. தம் இடத்துக்குத் திரும்பிப் போய், கூடையிலிருந்து ஓர் இறாலை எடுத்தார். அதுதான் தீர்ப்பு; முந்தைய மாலையே அந்தப் பேச்சை ஒத்திகை பார்த்ததை உங்களிடமும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

நான் எழுந்து அந்த வட்டத்தின் ஓரத்தில் போய் நின்றேன். அத்தனை பேரும் நிமிர்ந்து பார்க்க, மேடைத் தமிழை விட்டு எங்கள் சந்துத் தமிழில், படகு எஞ்சின்களின் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கவே சொன்னேன்:

“அக்கா, இனிமே யாரப் பத்திப் பேசுறதா இருந்தாலும், மொதல்ல அவங்க வாசல்ல போயி நின்னு கேட்டுட்டுத்தான் பேசுவேன். வேணாம்னு சொன்னா, பேச மாட்டேன்.”